வெர்னா விற்க மறுத்த துப்பாக்கி

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் எங்கள் மலையூர்த் துப்பாக்கிக் கடையின் விற்பனை மேசை வெர்னா ஹாஸ்கின்ஸின் ராஜ்ஜியம். பழுதுபார்க்கும் பின்னறை என்னுடையது. வெர்னா முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒருமுறை கோழிக் கொட்டகைக்குள் நின்று பாம்பைச் சுட்டாள், காதில் எதையும் செருகாமல். பாம்பு தப்பிவிட்டது. இவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது.

அன்று மதியம் கோழி இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் ட்ரீசா வந்திருந்தாள். விவாகரத்தான கணவன் டுவெய்ன் அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தது. அவன் அதை மதிக்கவில்லை.

வெர்னா ஒரு சிறிய கைத்துப்பாக்கியைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டிவிட்டு நீட்டினாள்.

"உன் கைக்கு அடக்கமா இருக்கும் கண்ணு. முனையில மரை பாத்தியா? மூடியக் கழட்டிட்டு சத்தத்தக் குறைக்கிற குழாய மாட்டிக்கலாம். குழாய் மறைக்காம இருக்கத்தான் குறி பாக்குற முனைய உயரமா வச்சிருக்கான்."

"சத்தமே வராதா மேடம்?"

"அதெல்லாம் சினிமாவுல. வீட்டுக்குள்ள சுட்டா உன் காது பொழைக்கும், அவ்வளவுதான்."

கதவு மணி அடித்தது. டுவெய்ன் உள்ளே வந்தான்.

"உன் காரப் பாத்தேன்," என்றான். "என்னச் சுடவா வாங்குற? உனக்குப் பாட்டில் மூடி தொறக்கவே என்னக் கூப்பிடணுமே!"

ட்ரீசா துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராக உயர்த்தினாள். சிரிப்பு நின்றது. அவன் கை மேல்சட்டைக்குள் போனது. நான் பின்னறை வாசலில் போனும் கையுமாக உறைந்து நின்றேன். துப்பாக்கி காலி என்று எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சொன்னால் அவனுக்குத் துணிச்சல் வரும். சொல்லாவிட்டால் பயத்தில் சுட்டுவிடுவான்.

வெர்னா துப்பாக்கியின் மேல் கையை வைத்து மெல்ல மேசையோடு அழுத்தினாள். பிறகு சுற்றி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"டுவெய்ன், கைய வெளிய எடு. வெறுங்கையா எடு. ஆறாங்கிளாஸ்ல ஒன்ன பஸ்ஸவிட்டு எறக்கிவிட்டவ நான். இப்பவும் எறக்கிவிடுவேன்."

"வழிய விடு கெழவி."

"விடமாட்டேன். பின்னால போனோட நிக்கிறாரே, அவர் ஷெரீஃப் ஆபீசுக்குப் பேசிட்டாரு. ஓடுறதுன்னா இப்பவே ஓடு."

நான் இன்னும் போனில் எண்ணைக்கூட அழுத்தியிருக்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான். கை வெறுமையாக வெளியே வந்தது. வண்டி சீறிக் கிளம்பிய பிறகுதான் என் விரல்கள் எண்ணை அழுத்தின. பாலத்துக்கு அருகில் போலீசார் அவனைப் பிடித்தார்கள். சட்டைக்குள் நிஜமாகவே துப்பாக்கி இருந்தது.

"இத எனக்குக் குடுங்க," என்றாள் ட்ரீசா.

"இன்னிக்குக் கெடையாது."

"அவன் ஜாமீன்ல வந்துட்டா?"

"என் வீட்டுல இரு. மொதல்ல சுடக் கத்துக்க. கை நடுங்காம நீ வந்து கேளு, நானே எடுத்துத் தர்றேன்."

ட்ரீசாவுக்குக் கோபம். ஆனாலும் போனாள். வசந்தம் வரும்வரை வெர்னாவோடு இருந்து, மலையடிவாரத்தில் குறி வரைந்த அட்டைகளைச் சுட்டுப் பழகினாள். டுவெய்ன் சிறைக்குப் போன பிறகும் அந்தத் துப்பாக்கியை வாங்கத்தான் செய்தாள்.