சதுரங்கப்பட்டினத்தில் நான் வாங்கிய அடி

கோடை விடுமுறைக்குக் கூட்டமில்லாத கடற்கரை ஊர்கள் பத்து என்று ஒரு பட்டியலை அலுவலகத் தோழி ஒருத்தி போனில் அனுப்பியிருந்தாள். நாலாவதாக சதுரங்கப்பட்டினம் இருந்தது. அமைதியான கடல், டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை, குடும்பத்தோடு போய் நிம்மதியாக ஒரு நாள் கழிக்கலாம் என்று போட்டிருந்தது. நான் குடும்பத்தோடு போயிருக்கிறேன். நிம்மதிதான் கிடைக்கவில்லை.

அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் திருப்புலிவனம். விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகும் வழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. மே மாதம் என்றால் களத்தில் நெல் காயும், நான் காக்கை விரட்டுவேன், அவ்வளவுதான். ஆகவே ஒரு நாள் அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி, “கொயந்தைக்கு லீவு வுட்டுக்கீது. கடலு பாக்கணும்னு ஒரே பேஜாரு பண்ணுது, இட்டுக்கினு போறோம்” என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கடல் வேண்டும் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வருவதை விடுவானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விஷயம் நான் இல்லை, என் அத்தை. நைனாவின் கடைசித் தங்கை. அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அத்தையைப் பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் ஏற்கெனவே வந்து, கேசரியும் போண்டாவும் சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்லாமலே போயிருந்தன. தெருவே அதைப் பேசிக்கொண்டிருந்தது. மூன்றாவது குடும்பத்தை ஊர் கண் படாத இடத்தில், தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திக்கலாம் என்று பெரியப்பா ஏற்பாடு செய்தார். மாப்பிள்ளைக்குத் திருக்கழுக்குன்றத்தில் கடை. அவருடைய அம்மா போட்ட நிபந்தனை இரண்டே இரண்டு. கல்யாணம் ஆவணியில் நடக்க வேண்டும், அதோடு பெண்ணின் படிப்பும் நின்றுவிட வேண்டும்.

அத்தை காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. “ஒரே ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுண்ணா” என்று நைனாவிடம் கெஞ்சினாள். பெரியப்பாவை எதிர்த்து நைனா பேசி யாரும் பார்த்ததில்லை. “அண்ணன் முடிவு பண்ட்டாரு. நான் இன்னா சொல்றது?” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

கடற்கரையில் பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகைப்பூவுமாகப் பதினொரு மணி வெயிலில் நின்ற ஒரே பெண் என் அத்தைதான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியப்பா கோட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் புளிச்சோற்றுத் தூக்கைக் காவல் காத்தாள். அத்தையும் நானும் நைனாவும் தண்ணீர்ப் பக்கம் போனோம். மூன்று பேர் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நைனா ஈர மணலில் நின்றார்.

கடலைப் பார்த்ததும் எனக்கு உதறல் எடுத்துவிட்டது. எங்கள் பக்கத்து ஏரி நிரம்பினாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். இதுவோ என்னைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. நான் நைனாவின் பின்னால் ஒளிந்தேன். “வாடி, ஒண்ணும் பண்ணாது” என்று அத்தைதான் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் ஆழம் வரை போனோம். அப்போது கோட்டைப் பக்கமிருந்து குடையோடு ஒரு அம்மாள் வருவதும், பெரியப்பா எழுந்து கும்பிடுவதும் தெரிந்தது. அத்தை திரும்பி நைனாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு என் கையை விட்டாள். அடுத்த அலை வந்தபோது, பந்தியில் உட்காருகிற மாதிரி நிதானமாகத் தண்ணீரில் உட்கார்ந்தாள்.

அலை அவள் தலைக்கு மேல் போயிற்று. நான் கத்தினேன். நைனா ஐந்தாறு அடி தூரத்தில்தான் இருந்தார், ஆனால் ஓடி வரவில்லை. செருப்புகளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் கடலென்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அத்தை எழுந்து வந்தபோது பூவில் பாதி கடலோடு போயிருந்தது. புடவை காலைச் சுற்றிக்கொண்டது, முகமெல்லாம் மணல். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னாமா, நீ சின்னக் கொயந்தையா?” என்றாள். அத்தை பதிலுக்குத் தும்மினாள். மாப்பிள்ளை தன் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். “சொல்லி அனுப்புறோம்” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு அந்த அம்மாள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. “பட்டுப் பொடவையோட தண்ணில எறங்குனது யார் யோசனை?” என்றார்.

“இவதான் இஸ்துக்கினு போனா. அலை வந்து தள்ளிடுச்சு” என்று அத்தை என்னைக் காட்டினாள்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். பலமான அடிதான். ஆனால் அந்தப் பொய்தான் எனக்கு அதிகமாக வலித்தது. நல்ல வேளையாக எனக்கு ஒரு சாட்சி இருந்தார்.

“நைனா, நீ பாத்துக்கினுதானே இருந்த? சொல்லு! அத்தைதான் என்னை இஸ்துச்சு. அதுவேதான் ஒக்காந்துச்சு!”

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார். கையிலிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார்.

“நான் பாத்தேண்ணா. கொயந்தைதான் இஸ்துக்கினு போச்சு. தெரியாம பண்ணிடுச்சு, உடு” என்றார்.

பெரியப்பாவுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. தம்பி தன்னிடம் பொய் சொல்வான் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பவே இல்லை. அத்தை அடுத்த வருடம் பயிற்சியை முடித்தாள். இன்று வாலாஜாபாத் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள்.

ஒன்பது வயதுப் பெண்ணின் குறும்பை வீடு அன்றைக்கே மறந்துவிடும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் சொல்லும் ‘வேண்டாம்’ என்பதை எந்தக் காலத்திலும் மறக்காது. அதெல்லாம் எனக்கு அன்று எங்கே தெரியும்? இரண்டு பெரியவர்கள் சேர்ந்து என்னை மாட்டிவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நைனா என்னை மடியில் இருத்திக்கொண்டார். அம்மா அடித்த இடத்தில் மெதுவாக உள்ளங்கையை வைத்தார். நான் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வைத்தார். அவர் வைக்க வைக்க, நான் அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.