புளியில் தேய்த்த தோட்டக் காசு

பழைய காசைத் தேய்த்துக் கழுவினால் மதிப்புப் போய்விடும் என்று தெரிந்துதான், புளி போட்டுத் தேய்க்கும்படி எனக்குப் பழக்கமான செல்லமுத்துவிடம் சொன்னேன். முன்பு தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கென்று அடித்துக் கொடுத்த பித்தளைக் காசு அது. என் சேகரிப்புக்காக வருடக்கணக்காக நான் தேடியது, பசறையில் அவர் வீட்டு அடுப்படியில் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று பதுளையில் ரயிலிறங்கி நானா என்று எல்லாரும் அழைக்கும் முஸ்லிம் பெரியவரின் பழங்காசுக் கடைக்கு நேரே வருகிறேன். கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றியபடி செல்லமுத்து நிற்கிறார். செய்ததைச் சொல்லி, என்னிடமுள்ளதில் சிறந்த தோட்டக் காசை, தேய்க்காமல் பழங்கறுப்போடு இருப்பதை, அவர் முன் வைக்கிறேன்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ."

"ஐயாவுக்குப் பொறாமைன்னு, தேய்ச்ச காசக் காட்டுன அன்னைக்கே நானா சொல்லிட்டாரு" என்கிறார் செல்லமுத்து. நானா குனிந்து பெட்டியைத் துடைக்கிறார்.

செல்லமுத்து சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றை இழுக்கிறார். நுனியில் காசு மின்னுகிறது.

"தேய்ச்சப்புறந்தான் அதுல தோட்டத்துப் பேரே தெரிஞ்சிச்சு. எங்க பாட்டன் வேலை செஞ்ச தோட்டமுங்க. இனி இத விக்கவா போறேன்? ஒங்க காச நீங்களே வச்சுக்கங்க. டீ குடிப்போம், வாங்க."

காசைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போகிறேன். என் கண் இன்னும் அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.