ஐந்து நாற்பது முதல் ஐந்து ஐம்பது வரை

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இது நடந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் பக்கத்து மேஜையில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவளுக்கு நடந்தது. எதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வாள். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "ஹீமோகுளோபின் செக் பண்ணிக்கோங்க" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவள் தேதி, நேரம் எல்லாம் குறித்து வைத்து என்னிடம் காட்டியது இது. நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் கணவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று குறிப்பது அவர் வேலை. வீட்டிலும் அப்படித்தான். பால் இரண்டு நிமிடம் தாமதமாகக் காய்ந்தால்கூட வாட்சைப் பார்ப்பார். பிள்ளைகள் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு ஆண் பூனை இருந்தது. வீட்டில் மூலை மூலையாகப் போய் மோந்து பார்த்து, ஏதோ குறை கண்டுபிடித்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

மேனேஜருக்கு வேட்டைப் பைத்தியம். குருவி, எலி, பல்லி, எது கிடைத்தாலும் படுக்கையறை வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் பாராட்டுக்காக நிற்கும். மாடி வீட்டு டீச்சர் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கிறவர். ஒரு நாள் செத்த குருவி ஒன்றைக் காகிதத்தில் பொதிந்து எடுத்து வந்து இவர்கள் முன்னால் நீட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. டைம்கீப்பருக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அன்றைக்கே மிருக டாக்டரிடம் ஓடினார்.

"வேட்டைக் குணத்தை எடுக்க முடியாது. வீட்டுக்குள்ள திருப்பி விடலாம்," என்றார் டாக்டர். "தினம் ஒரே நேரத்துல பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டுங்க. முடிஞ்ச உடனே கறி வைங்க. ஆனா ஒண்ணு. கடைசியில அது பிடிக்கணும். பிடிக்க விடாம நிறுத்துனீங்கன்னா ஏங்கிப் போயிடும்."

சொன்னால் போதுமே அவருக்கு. ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் நூல், நூல் நுனியில் இறகு. டிப்போவிலிருந்து வந்து கை கால் கழுவியதும் சின்ன அறைக்குள் அவரும் மேனேஜரும் போவார்கள். சரியாக 5:40. நூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். சர்ர்ர்... குச்சி தரையைத் தட்டும். டக். பின்னாலேயே பூனை பாயும். தொம். 5:50க்கு அதைப் பிடிக்க விடுவார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே எழுந்து கறி வைப்பார். குருவி வேட்டை ஒரே மாதத்தில் நின்றது.

"டியூஷன் முடிஞ்சுதா?" என்று கேலி செய்வாள் அவள்.

"நீயும் வாயேன்," என்பார்.

"எனக்கு வேற வேலை இல்லையா?"

ஆறு வருடம் இப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை பிற்பகல் 4:10க்கு, டிப்போ மேஜையில், கையில் பேனாவோடு அவர் இறந்துபோனார். மாரடைப்பு. ஐம்பத்தொரு வயது.

அவள் இடிந்துபோய்விட்டாள். குச்சியைப் பார்க்கவே முடியவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாள். மேனேஜர் மறுபடி வேட்டைக்குப் போனது. மூன்று வாரத்தில் ஏழு குருவி. ஒவ்வொன்றையும் அவள்தான் துணியில் சுற்றிக் குழி தோண்டிப் புதைத்தாள். ஏற்கெனவே சாவு விழுந்த வீட்டுக்கு இது வேறு சாவைக் கொண்டுவருகிறதே என்று ஆத்திரமாக வந்தது அவளுக்கு.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து வேட்டை தானாகவே நின்றது.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். ஆனால் சாயங்காலம் கறி வைக்கும்போது பூனைக்கு மூச்சு வாங்கியது. ஓடி ஆடிக் களைத்த மூச்சு. புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை சமையலறையில் நிற்கும்போது சத்தம் கேட்டது.

சர்ர்ர்... டக். தொம்.

மணியைப் பார்த்தாள். 5:41.

சின்ன அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் கண்ணை வைத்தாள். மேனேஜர் வெறும் தரையில் பாய்ந்து கொண்டிருந்தது. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தது. கூரையை அல்ல. ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரத்தை.

பீரோ பூட்டித்தான் இருந்தது. திறந்து பார்த்தாள். குச்சி வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது.

மறுநாள் காலையே தம்பிக்குப் போன் செய்தாள். அவன் ரயிலில் ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு தானியக் குடோனில் சூப்பர்வைசர்.

"எலித் தொல்லைன்னு சொன்னியே. மேனேஜரை வச்சுக்கிறியா?"

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வந்து கூட்டிட்டுப் போ."

திங்கட்கிழமை அவன் வந்து கூடையில் எடுத்துப் போனான். மேனேஜர் கத்தக்கூட இல்லை. கூடைக் கம்பி வழியாக அந்தச் சின்ன அறைக் கதவையே பார்த்துக்கொண்டு போனது.

செவ்வாய். 5:40.

சர்ர்ர்... டக்.

பாயும் சத்தம் இல்லை.

சர்ர்ர்... டக்... கொஞ்சம் பொறுத்து, மறுபடி... சர்ர்ர்...

5:50 ஆனது. நிற்கவில்லை. 6:30க்குத்தான் ஓய்ந்தது. மறுநாள் 7:15 வரை. அதற்கு மறுநாள் 8:40 வரை. ஒன்பதாம் நாள் அவள் படுக்கப் போகும்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது மெதுவாக. நடுநடுவே நின்று நின்று.

அவருக்கு முழங்கால் வலி உண்டு.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குப் பயம் போய் அழுகை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கடைப்பிடித்த மனிதர். பிடிக்க விடாமல் எப்படி நிறுத்துவார்? பிடிப்பதற்குத்தான் ஆளில்லையே. ஆளை அனுப்பியது இவள்தான்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை காலை தம்பிக்குப் போன் செய்தாள்.

"மேனேஜரைக் கொண்டு வந்துடுடா."

"ஞாயித்துக்கிழமை வரேன்கா."

"இன்னைக்கே வா."

"லோடு இறங்குதுக்கா. என்னால முடியாது."

அன்று சாயங்காலம் 5:40.

சர்ர்ர்... டக்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். விளக்கைப் போட்டாள். வெறும் அறை.

சத்தம் அவள் கால் பக்கத்தில் கேட்டது.

மண்டியிட்டாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். நாற்பத்தெட்டு வயதில், நாலு காலில்.

சர்ர்ர்... இடது பக்கம்.

சர்ர்ர்... வலது பக்கம்.

5:49.

அவளுக்கு நேர் எதிரே வந்து... நின்றது.

பாய்ந்தாள்.

உள்ளங்கைக்கு அடியில் லேசாக ஏதோ துடித்தது... அடங்கியது.

"பிடிச்சுட்டேங்க," என்றாள். "போதும். உட்காருங்க."

தலைக்கு மேலே ஒரு முனகல். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிற முனகல்.

அப்புறம் ஒன்றுமில்லை. 5:50.

வெள்ளிக்கிழமை 5:40க்கு முன்பே போய் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை வாங்க" என்று வெறும் சுவரிடம் கெஞ்சியிருக்கிறாள். கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு இருட்டும்வரை காத்திருந்திருக்கிறாள். ஆட்டத்தை முடித்து வைத்துவிட்டோமே, இனி அவர் எதற்காக வருவார் என்று அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கையில் கூடை காலியாக இருந்தது.

"போன்ல சொல்ல மனசு வரலக்கா. வியாழக்கிழமை செத்துப்போச்சு. வந்த நாள்லருந்து தண்ணி மட்டும்தான். எலி காலை மிதிச்சிட்டு ஓடினாக்கூடத் திரும்பிப் பார்க்கல. சும்மா படுத்தே கிடந்துது. அன்னைக்குச் சாயந்திரம் திடீர்னு எந்திரிச்சு வெறும் தரையில ஒரு பாய்ச்சல். ரெண்டு காலாலயும் எதையோ அழுத்திப் பிடிச்சுது."

"மணி என்ன?"

"கேட்ல லாரி நேரம் எழுதிட்டிருந்தேன். அஞ்சு அம்பது."

அவள் நேரம் குறித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அப்புறம் படுத்துச்சு," என்றான். "தாடையைத் தூக்கிக் காட்டுச்சு. யாருமே இல்லக்கா. ஆனா கழுத்து முடி தானா படிஞ்சுது. எழும்புச்சு, மறுபடி படிஞ்சுது. யாரோ தடவிக் குடுக்கிற மாதிரி. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்படியே கண்ணை மூடிடுச்சு."

இதை என்னிடம் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் பயம் துளிகூட இல்லை. குறிப்பெழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அவ்வளவு தூரம் போயி அதைத் தடவிக் குடுத்திருக்காரு. நான் அவர் காலடியிலதான் இருந்தேன். என்னை ஒரு தடவை தொட்டிருக்கலாம் இல்ல?"