பருத்திக் கயிறு கட்டிய கையோடு மதுரைக்கு

பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள், மதுரைக்கு எவ்வளவு நேரமாகும் என்று என்னிடம் கேட்கிறார்கள். மூன்றரை மணி நேரம், போங்கள். என் முதல் மதுரைப் பயணத்துக்குப் பகல் முழுக்கப் பிடித்தது. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதற்கு முந்தைய வருடம் அது. சாலைப் பாலம் அப்போது கிடையாது; எங்கள் தீவை விட்டு வெளியேற ரயில் மட்டும்தான். என் அண்ணன் சேவியரின் கையைக் காப்பாற்றப் போனோம்.

அன்று காலை தங்கச்சிமடம் கரையில், வலையில் சிக்கிய வேளா மீனை அண்ணன் பிரித்துக்கொண்டிருந்தார். வேளாவின் மூக்கு இருபக்கமும் பல் வைத்த ரம்பம். அது தலையைத் திருப்பியதில் முழங்கை உள்மடிப்பில் ரத்தக் குழாய் அறுந்து, ரத்தம் பீய்ச்சி அடித்தது. எங்களைப் பெற்ற அய்யா பருத்திக் கயிற்றால் முழங்கைக்கு மேலே சுற்றி முடிச்சுப் போட்டார். ரத்தம் நின்றது. அதை இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். எங்கள் ஊரில் வெட்டுக்காயத்துக்குக் கடல்தண்ணீர்தான் முதல் மருந்து. அய்யா ஒரு வாளி நிறைய அதை ரயிலில் ஏற்றி, அண்ணனின் தோளிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார். பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். வலை பின்னுகிற வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிச்சை நனைத்துத்தான் இறுக்குவோம். பெட்டி முழுக்க மீன்காரர்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. வலையில் இருந்தால்தான் அது எங்களுக்குக் கயிறாகத் தெரியும் போலிருக்கிறது.

பாம்பனில் கப்பலுக்காக ரயில் பாலத்தைத் திறந்திருந்தார்கள். ரயில் நின்றது. அண்ணனின் விரல்கள் நீலம் பூத்திருந்தன.

"அய்யா, விரல் இருக்கான்னே தெரியல."

"கட்ட அவுத்துறாதீக, உசுரு போயிரும்" என்றார் எதிரே இருந்தவர். அய்யா இன்னொரு குவளை ஊற்றினார்.

ராமநாதபுரத்தில் இறங்கி வைத்தியம் பார்க்கும் இடத்துக்கு ஓடினால், டாக்டர் வெளியூர் போயிருந்தார். "இத இங்கன தைக்க ஏலாது, மதுரைக்குக் கொண்டுபோங்க" என்றார் கம்பவுண்டர். அங்கிருந்து பஸ்ஸில் நூற்றுப் பத்து கிலோமீட்டர். வாளியும் கூடவே வந்தது.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. டாக்டர் அதை வெட்டி எடுத்தார். "இவ்வளவு இறுக்கமா யார் கட்டினது?"

"நான்தான் சார். வழியில ஒரு சொட்டு ரத்தம் போகல" என்றார் அய்யா. முகத்தில் பெருமை.

அவர் டீ வாங்கப் போன பிறகு டாக்டர் எங்களிடம் சொன்னார்: அறுந்த குழாயைத் தைத்துவிட முடியும்; ஆனால் ரத்தமே போகாமல் கீழே சதை செத்துவிட்டது, தைத்துப் பயனில்லை. கயிற்றை நனைத்தீர்களா என்றும் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். "அய்யாகிட்ட சொல்லிராத." அன்று இரவே கையை எடுத்தார்கள்.

படகில் போகிறவர்களுக்கு என் யோசனை: சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மட்டும் அகலமான துணியால் காயத்துக்குச் சற்றுத் தள்ளி, உடம்புப் பக்கமாகக் கட்டுங்கள். கட்டிய நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். கயிறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

அய்யா சாகும்வரை, எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அந்த முடிச்சைப் பற்றித்தான் பேசினார். "நான் கட்டலேன்னா இவன் இல்ல." பக்கத்தில் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அண்ணன், ஆமாம் என்று தலையாட்டுவார்.