அப்பாயி தலைமை தாங்கிய கல்யாணம்

எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், தொண்ணூற்று நாலு வயது வரைக்கும் இருந்தார். குட்டை ரக நெல் புதிதாக வந்தபோது, வைக்கோல் இத்தனூண்டு இருந்தால் மாடு என்னத்தைத் தின்னும் என்று ஊரே யோசித்துக்கொண்டிருக்க, நாலு மா நிலத்தில் நட்டுப் பார்த்தவர். கடைசிக் காலத்தில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நடவுக்கு ஆள் கூப்பிட்டார். அந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கு வந்திருந்தால் நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டிருக்க மாட்டேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அப்பாயியை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வரும் கல்யாணத்திலும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன்.

அது என் சித்தப்பாவின் கல்யாணம். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்சி மாறி, ஐயர் இல்லாத கல்யாணமும் சட்டப்படி செல்லும் என்று ஆகியிருந்த சமயம். சித்தப்பா கட்சிக்காரர். ஐயர் கூடாது, தஞ்சாவூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்து தலைமை தாங்கித் தாலி எடுத்துக் கொடுப்பார் என்று சொல்லிவிட்டார். பெண் ஒரத்தநாட்டுப் பக்கம். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தாலி ஏறிவிட வேண்டும். நேரம் காலம் பார்க்காதவருக்கு எந்த நேரமாக இருந்தால் என்ன? சித்தப்பாவும் சரி என்றார்.

ஒன்பதரை ஆயிற்று. பேச்சாளர் வரவில்லை. சைக்கிளில் வந்த தபால்காரர்தான் சேதி சொன்னார்.

"கடைத்தெருவுல அறுப்பு ஆளுங்க ரோட்டுல உக்காந்துட்டாங்க. கூலி நெல்லைக் கூட்டிக் குடுத்தாத்தான் வயல்ல இறங்குவோம்ங்கறாங்க. பஸ்ஸு, காரு ஒண்ணும் வராது."

பெண்ணின் அப்பாவுக்கும் ஊரில் சம்பா விளைந்து தலை சாய்ந்து நின்றது. அவர் துண்டை உதறினார். "இவனுங்களுக்கு இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா?"

"அறுக்கிறவங்களுக்கு அறுப்பு நாளை விட்டா வேற ஏது நாளு, சம்பந்தி?" என்று அடுப்படியிலிருந்து அப்பாயியின் குரல் வந்தது.

பத்து மணிக்குப் பெண்ணின் அப்பா கடிகாரத்தைக் காட்டி ஒரே முடிவாகச் சொன்னார். "பக்கத்து ஊர்ல ஐயர் இருக்காரு, ஆள் அனுப்புங்க. இல்லேன்னா வண்டியப் பூட்டச் சொல்லி எம் பொண்ணக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"ஐயர் வந்தா நான் மேடை ஏற மாட்டேன்" என்றார் சித்தப்பா.

அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம். நான் உள்ளே ஓடினேன். புதுச் சித்தி முகூர்த்தப் புடவையோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் எனக்குத் தலை பின்னிவிட்டு, "இனிமே தெனம் நான்தான் பின்னுவேன்" என்று சொல்லியிருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அப்பாயி கையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. தாத்தா போன நாளிலிருந்து அவர் நல்ல காரியங்களில் முன்னால் வந்து நின்றதில்லை.

"வயசுல மூத்தவங்க யாரு வேணாலும் தலைமை தாங்கலாம்னு நீதானடா சொன்ன? நான் எடுத்துக் குடுக்கறேன், வா."

அப்பாவின் அக்கா ஓடிவந்து அப்பாயியின் கையைப் பிடித்து இழுத்தார். "அம்மா, நீ எப்படிம்மா தாலியத் தொடுவ? அவன் நல்லா இருக்க வேணாமா?"

ஊர் ஊராகப் போய் மூடப்பழக்கத்தை எதிர்த்துப் பேசிய சித்தப்பாவும் ஒரு நிமிஷம் தரையைத்தான் பார்த்தார்.

அப்பாயி கையை விடுவித்துக்கொண்டு பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். "ராகுகாலம் ஒன்றரை மணி நேரந்தான் சம்பந்தி. நான் இருபத்தாறு வருசமா அப்படித்தான் இருக்கேன். இவன் இத்தன உசரம் வளர்ந்தது இந்தக் கையி போட்ட சோத்துலதான். அதுல ஒண்ணும் ஆவல, இதுல என்ன ஆயிடப்போவுது?"

பெண்ணின் அப்பா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து புதுச் சித்தியின் குரல் கேட்டது. "அவங்களே குடுக்கட்டும்ப்பா."

பத்து இருபத்தைந்துக்கு அப்பாயி தட்டிலிருந்து தாலியை எடுத்தார். சித்தப்பா அதை வாங்கிக் கட்டினார். தாலி ஏறியதும், தலைவர் என்றால் பேச வேண்டுமே என்று மைக் செட்காரர் மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார். அப்பாயி அதை வாங்கிக்கொண்டார்.

"எல்லாரும் வந்தது சந்தோசம். மாமியாருக்கு அனுசரிச்சுப் போன்னு இந்தப் பொண்ணுக்கு யாரும் புத்தி சொல்ல வேணாம். நான் அனுசரிச்சுக்கறேன். போய்ச் சாப்பிடுங்க."

அன்றைய கைதட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் மனசில் அத்தை சொன்ன வார்த்தைதான் நின்றது. சித்தப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பின்னாலேயே திரிந்தேன். "கெணத்துப் பக்கம் போவாதீங்க சித்தப்பா" என்று வழியை மறித்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதும், முருங்கைக்காய்ச் சக்கை அவர் தொண்டையில் சிக்கிவிடக் கூடாதே என்று எதிரில் நின்று காவல் காத்தேன்.

அங்கே நின்றதால்தான் அதைப் பார்த்தேன். அதே வரிசையில், புதுச் சித்திக்குப் பக்கத்து இலையில் அப்பாயி உட்கார்ந்திருந்தார். எந்தக் கல்யாணத்திலும் எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு அடுப்படியில் சாப்பிடுகிறவர், முதல் பந்தியில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. பாவம், காலையிலிருந்து பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். புதுச் சித்தி தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவர் இலையில் வைத்தார். அப்பாயி அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "ரசத்துல மொளகு ஜாஸ்தி" என்றார்.

நான் சமையல்காரரிடம் ஓடிப்போய், அடுத்த பந்திக்காவது மிளகைக் குறைத்துப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.