பட்டிப்பூத் தேநீர்

என் மனைவிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் நாட்குறிப்பில் எழுதியதில் பாதி அவளுடைய நோயைப் பற்றியது. மீதிப் பாதி அவளுடைய அண்ணனைப் பற்றியது. இரண்டில் எது என்னை அதிகம் களைக்க வைத்தது என்று கேட்டால் சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

அவளுக்குப் பல மருந்துகளைச் சேர்த்து ஏற்றினார்கள். அவற்றில் வின்கிறிஸ்டீன் என்ற பழைய மருந்தும் ஒன்று. அதோடு, பழைய மருந்துகளுடன் புதிய மருந்து ஒன்றைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்விலும் அவள் சேர்ந்திருந்தாள். அதனால் ஒவ்வொரு முறையும் ஆய்வுத் தாதி ஒருத்தி எதிரே அமர்ந்து பக்கவிளைவுகளை விசாரிப்பாள். வாயில் புண் உண்டா, தாடை வலிக்கிறதா, மலச்சிக்கலா, விரல் மரக்கிறதா? என் மனைவி கைகளை மடியில் கோத்துக்கொண்டு, புன்னகையோடு, எல்லாம் நல்லம் என்று நொர்வேஜிய மொழியில் சொல்வாள். ஒவ்வொரு கேள்விக்கும் அதே பதில்.

வீட்டில் அவளுடைய சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிடுவேன். கோப்பை கையிலிருந்து நழுவும். தாடை வலியால் சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுவாள்.

"அங்கை ஏன் சொல்லேல்லை?" என்று திரும்பிவரும் ரயிலில் கேட்டேன்.

"அந்தப் பிள்ளை எவ்வளவு அன்பாக் கேக்கிறா. அவவுக்கு முன்னாலை இருந்து ஒப்பாரி வைக்கச் சொல்லுறியளோ?"

"கேட்டு எழுதுறதுதானே அவவின்ரை வேலை."

"உங்களுக்கு எல்லாம் ட்ராம் அட்டவணைதான்."

நான் ட்ராம்களுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் எந்த விவாதமும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

ஒருமுறை அவளுக்காக நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பாதமும் மரத்துப்போயிருந்ததால் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

இனி மச்சான், அவளுடைய அண்ணன். எண்பதுகளில் வடகோடி மீன்பிடித் துறைமுகமான பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டியவர், இப்போது திராமன் நகரில் பஸ் ஓட்டுகிறார். வேலை இல்லாத நாட்களில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிச்செல்வார். உள்ளேயும் வந்து உட்காருவார். வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. ஒருநாள் இளம் டொக்டர், மனைவியின் மனத்தைத் தேற்றுவதற்காக, வின்கிறிஸ்டீன் முதலில் ஒரு பூச்செடியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லிக் கைபேசியில் படத்தைக் காட்டினார். அந்த ஒரு தகவலை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். மச்சான் கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எட, இது எங்கடை பட்டிப்பூவெல்லே!"

தமிழ்நாட்டுக்காரர் நித்தியகல்யாணி என்பார்களே, அதுதான். திரும்பும் வழியெல்லாம் காரில் அதே பேச்சு.

"எங்கடை கோயில் வீதியிலை ஆடுகூடக் கடியாமல் நிண்ட பூண்டு. அதைப் போத்திலிலை அடைச்சு எங்களுக்கே ஏத்துறாங்கள், பாரும்."

"ஆடு ஏன் கடிக்கேல்லை எண்டு யோசிச்சனீங்களோ?"

"உமக்கு எல்லாத்திலையும் பகிடி. மூலிகையாக் குடிச்சால் பக்கவிளைவு இல்லை."

மூட்டை மூட்டையாக இலையைச் சுத்திகரித்தால்தான் துளி மருந்து கிடைக்கும் என்றேன். அதே இலையில் வேறு நஞ்சுகளும் இருக்கின்றன, அவித்த தண்ணீரில் எது எவ்வளவு இறங்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றேன். மச்சான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சில வாரங்களில் மனைவியின் வெள்ளையணுக்கள் எதிர்பார்த்ததைவிடக் கீழே இறங்கின. ஏறவேண்டிய நேரத்தில் ஏறவில்லை. ஈரல் பரிசோதனை அளவுகளும் சரியில்லை. அடுத்த மருந்தேற்றலைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி போனோம். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். இந்த நோய்க்கு இடைவெளி கொடுக்கக் கூடாது என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததால், தள்ளிப்போன ஒவ்வொரு நாளையும் நாட்குறிப்பில் எண்ணி எழுதினேன். வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள் மனைவி. அப்படியென்றால் புதிய மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதை நிறுத்தி அவளை ஆய்விலிருந்து விலக்க வேண்டியிருக்கும் என்றார். நாங்கள் நம்பியிருந்தது அந்த மருந்தைத்தான்.

அப்போது மச்சான், தன் வடக்குத் துறைமுக நொர்வேஜியத்தில், பயப்பட வேண்டாம் என்று டொக்டருக்கு ஆறுதல் சொன்னார். நீங்கள் நிறுத்தினாலும் பரவாயில்லை, என்னிடம் இருக்கிறது என்று ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தார். காய்ந்த இலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த யாரோ ஒருவருடைய பெட்டியில் மிளகாய்த்தூளோடு பயணம் செய்திருக்கிறது. தாதி கையுறை போட்டுக்கொண்டு பையை எடுத்தாள்.

நான் மனைவியைப் பார்த்தேன். "குடிச்சனீரோ?"

"நீங்கள் வேலைக்குப் போனாப்பிறகு அண்ணை பிளாஸ்கிலை கொண்டுவாறவர்."

"அவர் தந்தால் குடிக்கிறதோ?"

"விரல் மரக்குது எண்டு சொன்னால் அந்த ஊசியைக் குறைச்சுப்போடுவினம். குறைச்சால் புற்றுநோய் திரும்பி வந்திடும். அதுதான் வாயைத் திறக்கேல்லை. ஆனால் எத்தினை நாளைக்கு மறைக்கிறது? குறைச்சாலும் உடம்பிலை கொஞ்சம் நிக்கட்டும் எண்டு இதைக் குடிச்சன்."

இவ்வளவு நாளாக நான் மரியாதை என்று நினைத்து எரிச்சல்பட்டது பயமாக இருந்திருக்கிறது. எரிச்சல் குறைந்ததா என்றால், இல்லை. யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மொழிபெயர்த்தேன். டொக்டர் கோபிக்கவில்லை. தேநீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, முதலில் அதை நிறுத்திப் பார்ப்போம் என்றார். விரலை மரக்கவைப்பது வின்கிறிஸ்டீன்தான், நரம்பு பாதிக்கப்பட்டால் அதை மட்டும் சிறிது காலம் குறைப்பார்கள் என்று விளக்கினார். மற்ற மருந்துகள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதற்குச் சிகிச்சையைக் கைவிடுவது என்று பொருளில்லை. சொல்லாமலே இருந்தால் விரல்கள் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். பிறகு தாதி முதல் கேள்வியிலிருந்து மறுபடி தொடங்கினாள். மனைவி மடியிலிருந்து கைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

அணுக்கள் மெல்ல ஏறின. ஆய்விலிருந்து விலக்கவில்லை. வின்கிறிஸ்டீனைக் குறைத்து, மற்றவற்றை மறுபடி ஏற்றத் தொடங்கினார்கள். தேநீர்தான் காரணமா என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. மச்சானுக்கு அதுவே போதும்.

"பாத்தீரோ, என்ரை தேத்தண்ணியாலை எண்டு அவங்களே சொல்லேல்லை!"

இப்போது மனைவி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாள். கேட்காததற்கும் சொல்கிறாள். போனமுறை, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று தாதி கேட்டபோது, ஒன்று உண்டு, கண்ணைத் திறக்க முன்னமே இவர் வெப்பமானியோடு வந்து நிற்கிறார் என்றாள். இதை எந்த மருந்தின் கீழ் எழுதுவது என்று தாதி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. காய்ச்சல் வந்தால் உடனே அழைக்கச் சொன்னது அவர்கள்தான்.

வெளியே வந்து ட்ராம் தரிப்பிடத்தில் நின்றபோது மனைவி குளிருக்குக் கோட்டைப் பூட்டத் தொடங்கினாள். நான் கையை நீட்டினேன்.

"விடுங்கோ. நானே பூட்டுறன்."

கடைசிப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. அவள் விரல்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி மறுபடி முயன்றாள். ட்ராம் வந்தது, கதவைத் திறந்தது, மூடிக்கொண்டு போனது.

"ட்ராம் போட்டுதே! அடுத்தது எப்ப?" என்றாள், தலை நிமிராமல்.

எனக்குத் தெரியும். சொன்னால் அவசரப்படுவாள்.