இடுக்கியால் எடுத்த கோப்பை

அப்பா கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பெருவிரல் உயரம்கூட இல்லாத ஒரு தேநீர்க் கோப்பைக்காக. அப்போது எனக்கு ஒன்பது வயது.

2005, ஏப்ரல் மாதம். கனடாவின் மொன்ட்ரியாலில் வாடகை வீடுகள் பெரும்பாலும் ஜூலை முதலாம் திகதிதான் கைமாறும். அதனால் பனி உருகத் தொடங்கியதும் பாதி நகரம் வீடு தேடிக்கொண்டு தெருவில் நிற்கும். நாங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் சித்தப்பா குடும்பத்தோடு ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, எட்டுப் பேர். அம்மாவின் வயிற்றில் தம்பி இருந்தான். அவன் வருவதற்குள் வேறு வீடு பார்த்தாக வேண்டும். மூன்று வீட்டுக்காரர்கள் அப்பாவின் முகத்தைக் கண்டதும் வீடு போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். ஜன்னலில் வாடகைக்கு என்ற அட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்கள்.

நாலாவது வீட்டுக்காரி ஒரு சீனப் பெண்மணி; எல்லோருக்கும் அவர் 'மதாம்'. ஐம்பது வயதிருக்கும். மூன்று மாடிக் கட்டடம் அவருடையது. கீழே தான் இருந்துகொண்டு மேல் வீடுகளை வாடகைக்கு விடுவார். ஆளை மேசையில் இருத்தி, தேநீர் கொடுத்துக் கதைத்துப் பார்த்துத்தான் வீடு தருவார் என்று அவருக்குப் பனி தள்ளிக்கொடுக்கிற எங்கள் ஆள் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் போனது பிரெஞ்சை மொழிபெயர்க்க. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். இன்றைக்கு என் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. அதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. அன்றைக்கு நாலாம் வகுப்புத்தான், ஆனால் தலைக்கனம் இன்றையதைவிடக் கூட. அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். படிப்பில் விருப்பம் இருக்கவில்லை என்பார். சோம்பேறிப் பிள்ளையாக இருந்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

வீட்டைப் பார்த்தோம். சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னலோடு ஒரு சின்ன அறை. ஒரு மேசை போடலாம். அதைக் கண்ட நிமிடமே அது என்னுடையதாகிவிட்டது. பிறகு மதாம் எங்களைக் கீழே அழைத்துப்போய்த் தன் மேசையில் இருத்தினார்.

மேசையில் ஒரு மூங்கில் தட்டு. கீற்றுக் கீற்றாக இடைவெளி விட்டு, ஊற்றும் தண்ணீர் அடியில் வடிந்து தேங்கும்படி செய்தது. அதன்மேல் கைக்குள் அடங்கும் ஒரு மண் கேத்தில், மூன்று கோப்பைகள், ஒரு மர இடுக்கி. ஒரு தகர டப்பாவைத் திறந்து எங்கள் பக்கம் நீட்டினார். உள்ளே கறுத்து முறுகிய நீள நீள இலைகள். எங்கள் வீட்டுத் தேயிலைத் தூளுக்கும் இதற்கும் ஒரு உறவும் இல்லை. தன் ஊர்ப் பாறை மலையில் விளைந்த இலை, கரி நெருப்பில் மூன்று தரம் வறுத்தது என்று மதாம் பிரெஞ்சில் சொன்னார். அப்பா மூக்கைக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"பனங்கட்டி அடிப்பிடிச்ச மணம்," என்றார். முகம் மலர்ந்திருந்தது.

பனங்கட்டிக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. "நன்றாக இருக்கிறதாம்," என்று மதாமிடம் சொன்னேன்.

அவர் அந்தச் சின்னக் கேத்தில் நிறைய இலையைப் போட்டார். எங்கள் வீட்டில் அது ஒரு கிழமைக்குக் காணும். கொதிக்கிற தண்ணீரை உயரத்தில் இருந்து ஊற்றி மூடினார். நான் மூச்சு விடுவதற்குள் அதை ஒரு கண்ணாடிச் சாடியில் வடித்தார். செம்பழுப்பாக, பார்க்கவே ஆசையாக இருந்தது. பால் இல்லை, சீனி இல்லை என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி. அடுத்தது அதைவிடப் பெரியது.

அப்பா உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். எங்கே போனாலும் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அன்றும் தன் முன்னால் இருந்த கோப்பையைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். உடனே மதாம் இடுக்கியை எடுத்து, அதே கோப்பையின் விளிம்பைக் கவ்வித் தூக்கி, சாடியில் இருந்த சுடச்சுடத் தேநீரை அதன் உள்ளும் புறமும் ஊற்றிக் கழுவி, தட்டில் கொட்டினார்.

நல்ல தேநீர். ஒரு வாய்கூடக் குடிக்காத தேநீர். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அப்பா எழும்பியதைக் கவனிக்கவில்லை.

"எழும்பு பிள்ளை. போவம்."

"என்னப்பா? இன்னும் குடிக்கேல்லை."

"குடிச்சது காணும்."

"அப்ப வீடு?"

"இந்த வீடு எங்களுக்கு வேண்டாம்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூன்று வீட்டுக்காரர் கதவைச் சாத்தியபோதும் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்த மனுஷன். இப்போது கழுத்து நரம்பு புடைக்க, கதவடியில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் முடிச்சு விழவில்லை.

ஏன் என்று அம்மா எனக்குச் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஊரில் அப்பாவின் ஆட்கள் கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் தேநீர் கொல்லைப்பக்கம்தான் வரும், சிரட்டையில். சின்னப் பொடியனாக இருந்தபோது ஒரு நாள் தெரியாமல் ஒரு வீட்டுத் தேநீர்ப் பேணியைத் தொட்டுவிட்டார். வீட்டுக்காரி அதைக் கையால் எடுக்காமல் தடியால் தட்டித் தட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், சாம்பல் போட்டு மினுக்கி, சுடுதண்ணி ஊற்றினாளாம். அவரை அங்கேயே நிற்க வைத்து. பள்ளிக்கூடத்திலும் மற்றப் பிள்ளைகள் வாங்குப் பலகையில் இருக்க அவருக்கு நிலம். அப்படித்தான் இரண்டாம் வகுப்பு முடிந்தது. அம்மா இதைக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். நான் கையில் எடுத்த கீரைத் தண்டோடு அப்படியே இருந்துவிட்டேன்.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஜன்னல் வைத்த அறை போகப் போகிறது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

மதாம் திகைத்துப் போயிருந்தார். "உன் அப்பாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். கேட்டபடியே கை வேலையை விடவில்லை. நனைந்த இலை அப்படியே ஊறினால் கசந்துவிடும் என்றார். இடுக்கியால் என் கோப்பையைத் தூக்கிக் கழுவினார். பிறகு தன் கோப்பையைத் தூக்கினார். அதே இடுக்கி, அதே தேநீர், அதே கொட்டல். முதல் தண்ணீர் குடிக்க அல்ல, இலையை எழுப்பவும் கோப்பையைச் சூடாக்கவும்தான் என்று என்னிடம் சொன்னார்.

கதவடியில் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்பா சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தபடி, குனிந்த நிலையிலேயே மதாமின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் தொட்டதாலயோ கழுவினவா எண்டு கேள்."

எனக்குக் காது கூசியது. இப்படி ஒரு மடத்தனமான கேள்வியை என் வாயால் பிரெஞ்சில் கேட்கவா? வகுப்பில் எனக்குப் பரிசு தந்த மொழி அது. நான் மதாம் பக்கம் திரும்பி, சின்ன அறையில் மேசை போடலாமா என்று கேட்டேன். அவர் தாராளமாகப் போடலாம் என்றார்.

"இல்லையாம் அப்பா. எல்லாக் கோப்பையையும் அப்பிடித்தான் கழுவுறவையாம்."

அப்பா சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு வந்து இருந்தார். மதாம் மறுபடி கொதிநீர் ஊற்றி, உடனே வடித்து, எங்கள் இருவருக்கும் தனக்கும் ஊற்றினார். நான் ஒரு வாய் வைத்தேன். கரியும் கசப்பும். முகத்தைச் சுளித்தேன். சற்று நேரம் கழித்துத் தொண்டையில் ஏதோ இனித்தது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்பா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். மதாம் மீண்டும் ஊற்ற, மீண்டும் குடித்தார். அந்த இலை ஏழு எட்டுத் தண்ணீர் தாங்கும் என்றார் மதாம். நிறம் வெளிறிக்கொண்டே போனது, கரி மணம் போய்ப் பூ மணம்போல ஒன்று வந்தது. அப்பா ஒவ்வொரு தடவையும் கோப்பையை நீட்டினார். போதும் என்று அவர் சொல்லவே இல்லை. போகும்போது வீடு எங்களுக்குத்தான் என்று மதாம் சொன்னார்.

பஸ்ஸில் நான் அவரைக் கண்டித்தேன். "முன்னப்பின்னத் தெரியாத வீட்டில ஏழு தரம் வாங்கிக் குடிச்சிட்டியள் அப்பா. எனக்கு வெக்கமாப் போச்சுது."

அவருக்குக் கோபம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "ஏழு தரமும் அதே கோப்பையிலதான் ஊத்தினவா, பிள்ளை."

வேறு எதில் ஊற்றுவார்கள் என்று நான் கேட்டேன். அப்பா இறங்குவதற்கு மணிக் கயிற்றை இழுத்தார். சில நேரம் இவருக்கு எதையும் விளங்கப்படுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.